ஐந்து ஈயும் ஒரு சங்கும்

2016 ஜனவரியில் நான் மைசூருக்குப் போனது அறிவியலை வளர்க்க அல்ல, பெரியப்பாவின் கண்புரைக்காக. ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் தொப்பி மட்டும் இல்லாத எம்.ஜி.ஆர். தோரணையுமாக, சரஸ்வதிபுரம் வீட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஒரு நாள் படிக்காவிட்டாலும் உயிர் போய்விடும் என்பது பெரியப்பாவின் நிலைப்பாடு. நடுவில் உட்கார்ந்து உரக்கப் பேப்பர் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. குடும்பத்தில் அப்போது வேலைவெட்டி இல்லாதவன் நான் ஒருவன்தான். பெரியம்மா போன் பண்ணினார், காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

காலையில் இறங்கினால் ஊரே ஒரு தினுசாக இருந்தது. எங்கே பார்த்தாலும் கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் தடியான நிகழ்ச்சி நிரல். மைலாரி தோசைக்கு வழக்கமாக நிற்கும் வரிசை இரண்டு மடங்காகி இருந்தது.

"யார் பெரியப்பா இவங்கல்லாம்? பெரிய இடத்துக் கல்யாணமா?"

"சயின்ஸ் காங்கிரஸ்டா. நூத்தி மூணாவது. ஜனவரி மூணுலேர்ந்து ஏழு வரைக்கும், அஞ்சு நாள். யுனிவர்சிட்டிக்கு நூறு வயசு ஆறது இல்லையா, மானசகங்கோத்ரியில நடத்தறா. பிரதமர் வந்து திறந்து வெக்கறார். பேப்பரைப் படி."

எனக்கு அந்த அட்டையையும் பையையும் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. வெளிநாடுகளில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் மாநாடு போடுவார்கள். மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள். அங்கேயும் கழுத்தில் அட்டை உண்டு. ஒரே நேரத்தில் ஏழு அறைகளில் ஏழு பேச்சு உண்டு. பெரிய ஆள் வந்தால் கையெழுத்துக்கு வரிசை உண்டு. காலப்பயணம், வேற்றுக்கிரகம், பின்பக்கமாகப் பறக்கும் விமானம் என்று விடிய விடியப் பேச்சு உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே போகிறவர்களுக்குத் தாங்கள் பேசுவது கதை என்று தெரியும்.

இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதே ஒரு கோர்ட் கேஸ். 1936 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சில பையன்கள் ரயிலேறிப் பிலடெல்பியாவுக்குப் போய், அங்கிருந்த இன்னும் சில பையன்களைப் பார்த்துவிட்டு, "இதுதான் உலகத்தின் முதல் மாநாடு" என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் தெரு டீக்கடையில் தினம் இரண்டு மாநாடு நடக்கிறது. ஆகவே இங்கிலாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் கட்சி, 1937 ஜனவரி 3, லீட்ஸ் நகரம். முறையாக ஏற்பாடு செய்து, இடம் பிடித்து, ஆள் கூட்டி நடத்தியது. கூட்டிய ஆள் இருபது பேர் தேறாது. அதில் ஒருவர் பத்தொன்பது வயது ஆர்தர் சி. கிளார்க். பிற்பாடு இலங்கைக்கு வந்து, கொழும்பிலேயே தங்கி, நம் கடலில் முக்குளித்துக்கொண்டே விண்வெளிக் கதை எழுதியவர். கூடிய இடம் எது தெரியுமா? தியசாபிகல் ஹால். நம் அடையாறு ஆலமரத்தின் விழுது ஒன்று லீட்ஸ் வரை போயிருக்கிறது. மகாத்மாக்கள் இமயமலையிலிருந்து கடிதம் போடுவதாக நம்பிய சபையின் கூடத்தில், செவ்வாய்க்கிரகத்தை நம்பியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வாடகைக்கு விட்டவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1939 ஜூலையில், நியூயார்க்கில் முதல் உலக மாநாடு. மூன்று நாள், இருநூறு பேர். உலக மாநாடு என்று பெயர் வைத்ததற்குக் காரணம், அப்போது அந்த ஊரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது என்பதுதான். முதல் நாளே ஆறு பேரை வாசலில் நிறுத்தி, உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கோஷ்டிப்பூசல், ஒரு துண்டுப் பிரசுரம். எதிர்காலத்தில் மனித குலம் முழுக்க ஒன்றாகி நட்சத்திரங்களை ஆளும் என்று எழுதுகிற இருபது வயதுப் பையன்களால் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் சிறுபத்திரிகை மரபு உலகளாவியது. வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பிரெடரிக் போல், சிரில் கார்ன்புளூத் எல்லாம் உண்டு. இருவரும் பின்னால் பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள். நிறுத்தியவர்கள் மாநாட்டின் வரலாற்றை எழுதினார்கள். இதுவும் நம் மரபுதான்.

அந்த மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்பவர் எதிர்கால மனிதன் வேஷத்தில் வந்தார். முதுகில் மேலங்கி. தைத்துக் கொடுத்தது மிர்ட்டில் டக்ளஸ் என்ற தோழி. அந்த அம்மாளும் அதே மாதிரி உடையில் வந்தார். இன்று உலகம் முழுக்கப் பையன்களும் பெண்களும் அட்டைக் கவசம் மாட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போவதற்கு அந்த இரண்டு உடைதான் மூலம் என்கிறார்கள். மைசூர்க்காரர்களிடம் இதைச் சொல்ல முடியாது. தசரா ஊர்வலத்தில் மைல் கணக்கில் வேஷம் பார்த்தவர்கள், இரண்டு பேருக்கா இத்தனை பேச்சு என்பார்கள்.

லீட்ஸ், ஜனவரி 3. மைசூரு, ஜனவரி 3. எழுபத்தொன்பது வருஷ இடைவெளி. நான் ஜோஸ்யம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு ஜோஸ்யர் வருகிறார், பொறுங்கள்.

முதலில் காங்கிரஸின் பூர்வீகம். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இரண்டு பிரிட்டிஷ் வேதியியல் பேராசிரியர்கள், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் இருந்த சைமன்சென், லக்னோவில் இருந்த மக்மஹோன், இருவரும் சேர்ந்து கிளப்பியது இது. 1914 ஜனவரியில் கல்கத்தாவில் மூன்று நாள். வந்தவர்கள் 105 பேர், வாசித்த கட்டுரை 35. தலைமை அசுதோஷ் முகர்ஜி. அந்த 35 கட்டுரையில் எதற்காவது யாராவது சங்கு ஊதியதாகக் குறிப்பில்லை.

மைசூரில் முதல் நாள் பிரதமர் பேசினார். விஞ்ஞானிகள் ஐந்து ஈ-யை மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும் என்றார். எகானமி, என்விரான்மென்ட், எனர்ஜி, எம்பதி, ஈக்விட்டி. பொருளாதாரம், சுற்றுச்சூழல், எரிசக்தி, பிறர் துயர் உணர்தல், சமநீதி. நல்ல விஷயம்தான். ஆனால் நான் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்ததில் ஒரு விபத்து நடந்தது.

"ஐந்து ஈ அவசியம் என்றார் பிரதமர்."

"எந்த ஊர்ல வந்து என்ன சொல்றார் பாரு," என்றார் பெரியப்பா. "போன ஆகஸ்டுலதான் நானூத்திச் சொச்சம் ஊர்ல மைசூருதான் சுத்தமான ஊர்னு சர்க்காரே பட்டியல் போட்டா. இப்ப அஞ்சு ஈ வேணுங்கறாளா?"

திருத்திச் சொன்னேன். அவர் திருந்தவில்லை. அன்று முழுக்க வீட்டில் எது பறந்தாலும், "எகானமியா எனர்ஜியா பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நாளில் மானசகங்கோத்ரியில் நோபல் பரிசு பெற்றவர்கள் பேசினார்கள். புற்றுநோய், பயிர், பொருளறிவியல் என்று உண்மையான வேலை செய்கிறவர்கள் உண்மையான கட்டுரை வாசித்தார்கள். அவர்களைப் பற்றி நான் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டிய செய்தி மொத்தம் ஒன்றேமுக்கால் பத்தி இருக்கும். மிச்ச இடத்தை எல்லாம் சங்கு எடுத்துக்கொண்டது.

ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, சங்கு ஊதினால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று கட்டுரை வாசித்தார். வாசித்ததோடு விடாமல், கையோடு கொண்டுவந்த சங்கை எடுத்து அரங்கத்திலேயே ஊதியும் காட்டினார். கைதட்டல். பரிசோதனையை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும் என்பது அறிவியலின் பால பாடம், அதில் குறை சொல்ல முடியாது. பெரியப்பாவுக்குத்தான் ஏற்கவில்லை.

"நம்ம பக்கம் சங்கு ஊதினா வியாதி போறதுன்னு அர்த்தம் இல்லடா. ஆளே போயிட்டான்னு அர்த்தம்."

இன்னொரு கட்டுரை, உலகத்தின் தலைசிறந்த சுற்றுச்சூழல்வாதி சிவபெருமான் என்பது. சுருக்கம் அச்சாகியிருந்தது, எழுதியவரால் வர முடியவில்லை. தலையில் ஆறு, கழுத்தில் பாம்பு, இடுப்பில் புலித்தோல் என்று பட்டியல் போட்டால் மனிதருக்கு எல்லாம் கையிருப்பில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். புலித்தோலுக்கு மட்டும் வனத்துறை விளக்கம் கேட்கும்.

மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே சண்டிகரிலிருந்து ஒரு குரல் வந்தது. வெங்கி ராமகிருஷ்ணன், 2009 நோபல், அப்போது லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர். முன்பு ஒரு தடவை இந்தக் காங்கிரஸுக்குப் போனேன், அறிவியல் பேச்சு குறைவு, அது ஒரு சர்க்கஸ், இனி என் வாழ்நாளில் போகமாட்டேன் என்றார். இவர் எங்கே பிறந்தவர்? சிதம்பரம். சிவன் கட்டுரை இடம்பெற்ற மாநாட்டை சர்க்கஸ் என்று சொல்ல அந்த ஊர்க்காரரைத் தவிர யாருக்கு உரிமை இருக்கிறது? ஆனால் உவமையில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கஸில் தினம் பயிற்சி உண்டு. பார் ஆடுகிறவன் கணக்குத் தப்பினால் கீழே விழுவான். அங்கே கணக்குத் தப்பியவருக்குப் பொன்னாடை கிடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியப்பா என்னை பீரோவைத் திறக்கச் சொன்னார். "கீழ்த்தட்டுல, பஞ்சாங்கக் கட்டுக்கு அடியில. எடு." எடுத்தேன். வைமானிக சாஸ்திரம். ஆங்கில மொழிபெயர்ப்போடு, 1973இல் இதே மைசூரில் வெளிவந்தது. வெளியிட்டவர் ஜி.ஆர். ஜோஸ்யர். 1951இல் மகாராஜாவை அழைத்து இந்த ஊரில் சர்வதேச சமஸ்கிருத ஆராய்ச்சி மன்றம் ஒன்றைத் தொடங்கியவர்.

"போன வருஷம் பம்பாய் காங்கிரஸ்ல ஒருத்தர் பேசினாரே, அந்தக் காலத்து விமானம் பக்கவாட்டுல போகும், பின்னால போகும், ஒரு கிரகத்துலேர்ந்து இன்னொரு கிரகத்துக்குப் போகும்னு. எல்லாம் இதுலேர்ந்துதான். எழுத்து மைசூர் எழுத்து, பேர் வாங்கினது பம்பாய்!" பெரியப்பாவின் ஆதங்கம் விமானம் பறந்ததா என்பதில் இல்லை. காப்பிரைட்டில் இருந்தது.

அன்று ராத்திரி நான் உட்கார்ந்து வாசித்தேன். விடியும்போது எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்த நாட்டில் ஒரு பெரிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிறந்திருக்கிறார். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் பெயர் சுப்பராய சாஸ்திரி. ஆனேகல்காரர் என்பார்கள். பிறந்தது ஓசூர் தாலுகாவில் ஒரு கிராமம், ஆகவே நம் ஆள். எட்டு வயதில் கல்யாணம். பிறகு பெற்றோர் போனார்கள், கூடப் பிறந்தவர்களில் பலர் கொள்ளைநோயில் போனார்கள், அவர் பிச்சை எடுத்து அலைந்தார், உடம்பெல்லாம் கொப்புளம். அப்படியே ஊர்ந்து ஊர்ந்து கோலார் பக்கம் ஆவணி மலைக்குப் போய்ச் சேர்ந்தாராம். அங்கே குகையில் ஒரு மகான் அவரைத் தேற்றி, சாஸ்திர ரகசியங்களைச் சொல்லிக்கொடுத்தாராம். அதற்குப் பிறகு நினைத்தபோது, இருந்த இடத்திலேயே, சுலோகம் கொட்டும். பரத்வாஜ மகரிஷி சொல்கிறார், நான் வாய் மட்டும் என்பார். இத்தனை துக்கத்தைப் பார்த்த ஒருவர் உட்கார்ந்து பறக்கும் ஊர்தியைக் கற்பனை செய்தார் என்பதில் எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. தரையில் அவருக்கு என்ன இருந்தது?

1918இலிருந்து 1923 வரை அவர் சொல்லச் சொல்ல, வெங்கடாசல சர்மா என்பவர் எழுதினார். எட்டு அத்தியாயம், மூவாயிரம் சுலோகம். தேதியைக் கவனியுங்கள். ரைட் சகோதரர்கள் பறந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910இலேயே சொந்தமாக ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்து காட்டிவிட்டார். சாம்பார் ஓட்டல்காரர் இல்லை, அவர் கட்லெட் வகையறா, ஆனாலும் அடுப்படிக்காரர்தான். முதல் உலகப்போரில் விமானங்கள் குண்டு போட்டு முடித்திருந்தன. அதாவது விமானம் என்பது பேப்பரில் வந்துகொண்டிருந்த விஷயம். நல்ல கதாசிரியன் பேப்பரில் வந்ததை எடுத்துக்கொண்டு பேப்பரில் வராத இடத்துக்குப் போவான். சாஸ்திரி போனார்.

விமானி தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியங்கள் முப்பத்திரண்டு என்கிறார். ஒன்று, விமானத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது. ஒன்று, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டுவது. இதை எந்த மகரிஷியிடமும் கற்காமல் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கள் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். ஒன்று, எதிரி விமானத்துக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்பது. பறப்பது கிடக்கட்டும், பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். இது நம் மண்ணிலிருந்து வந்த நூல் என்பதற்கு இதைவிட அகச்சான்று தேவையில்லை.

விமான வகை நான்கு. சகுனம், பறவை மாதிரி இறக்கையும் வாலும் உள்ளது. சுந்தரம். ருக்மம், கூம்பு வடிவம். நவராத்திரிக் கொலுப்படியை வட்டமாகச் சுற்றி அடுக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. திரிபுரம், தரை, தண்ணீர், ஆகாயம் மூன்றிலும் போகும். ஒரு மாதம் முன்புதான் டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பஸ் ஒன்று தண்ணீரில் மிதந்து வந்ததைப் பார்த்திருந்ததால், மூன்றில் இரண்டு சாத்தியம் என்று எனக்குப் பட்டது.

இவற்றுக்கெல்லாம் படம் வரைந்தவர் எல்லப்பா. பெங்களூரில் பொறியியல் கல்லூரி ஒன்றில் வரைவாளர். ஸ்கேல் வைத்து, குறுக்குவெட்டுத் தோற்றம் போட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அறை பிரித்து, அறைக்குப் பெயர் எழுதி, 1923இல் முடித்துக் கொடுத்தார். இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1939 நியூயார்க் மாநாட்டின் சிறப்பு விருந்தினர் எழுத்தாளர் இல்லை, ஓர் ஓவியர். பிராங்க் ஆர். பால். கட்டடக்கலை படித்துவிட்டு, நடக்காத ஊருக்கும் பறக்காத கப்பலுக்கும் பிளான் போட்டவர். அவருடைய அட்டைப்படத்தோடு அமேசிங் ஸ்டோரீஸ் பத்திரிகை முதல் இதழ் வெளிவந்தது 1926 ஏப்ரலில். எல்லப்பாவின் படம் அந்த இதழுக்கு மூன்று வருஷம் முந்தி! மாலையும் மரியாதையும் பிராங்க் பாலுக்கு. எல்லப்பாவை யாருக்குத் தெரியும்?

அமேசிங் ஸ்டோரீஸ் நடத்திய கெர்ன்ஸ்பேக் இந்த வகை எழுத்துக்கு சயின்ஸ் ஃபிக்ஷன் என்ற பெயரைப் பரப்பியதே 1929 வாக்கில்தான். சாஸ்திரி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெயர் ஆனேகலுக்கு மட்டுமல்ல, அமெரிக்காவுக்கே போய்ச் சேரவில்லை. கற்பனையாக ஒன்றைச் சொன்னால், அது சந்தத்தில் வந்தால், ரிஷி பெயரும் இருந்தால், அதை வைக்க நம் வீட்டில் இருந்த ஒரே அலமாரி சாஸ்திரம். அதில் வைத்தார்கள். அலமாரி மாறிப்போனதுதான் இந்த நூறு வருஷத்துக் குழப்பம் முழுக்க.

1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் முகுந்தா முதலான ஐந்து பேர் இந்தப் புத்தகத்தை மதிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாவலுக்கு ஐந்து எஞ்சினியர்கள் சேர்ந்து எழுதிய விமர்சனம் தமிழில்கூட நடந்ததில்லை. மொழி பழைய சமஸ்கிருதம் இல்லை, நூல் 1900க்குப் பிற்பட்டது, நான்கு விமானத்தில் ஒன்றுகூடப் பறக்காது, தள்ளுவதற்கு வைத்திருக்கும் பொறியே விமானத்தைப் பறக்கவிடாமல் பிடித்து இழுக்கும் என்று கிழித்துவிட்டார்கள். அத்தனையும் சரி. பம்பாயில் தல்படே என்பவர் சாஸ்திரியின் யோசனைப்படி மாதிரி செய்து பார்த்து எதுவும் எழும்பவில்லை என்பதையும் அவர்களே குறித்திருக்கிறார்கள். ஆனால் பாத்திரப் படைப்பு எப்படி, நடை எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. எச்.ஜி. வெல்ஸின் கால இயந்திரத்தை யாராவது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அனுப்பினார்களா?

இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் பக்கத்து ஊரிலேயே இருந்தார். சுஜாதா. பெங்களூர் பி.இ.எல்.லில் பகலில் வாக்குப்பதிவு இயந்திரம், வீட்டுக்கு வந்தால் ஜீனோ என்ற இயந்திர நாய். இயந்திரம் தேர்தலுக்குப் போயிற்று, நாய் ஆனந்த விகடனுக்குப் போயிற்று. மாறிப் போகவில்லை. (இப்போது சிலர் இயந்திரத்தையும் புனைகதை என்கிறார்கள். அது வேறு மாநாடு.) 1963இல் கலை அரசி என்று ஒரு படம். வேற்றுக்கிரகத்தில் பாட்டு தெரிந்தவர் இல்லையென்று பறக்கும் தட்டில் நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார், எம்.ஜி.ஆர். பின்னாலேயே போகிறார். தமிழன் கைதட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். இது எங்கள் முன்னோர் கண்டுபிடித்த தட்டு என்று ஒருவரும் கட்டுரை வாசிக்கவில்லை. அறிவியல் புனைகதையை ஆராய ஒரு சங்கமே 1998இல் வேலூரில் ஆரம்பித்தார்கள், இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம். சாஸ்திரி வழக்கு அங்கே போயிருக்க வேண்டியது.

பறந்ததைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் இந்த ஊருக்கு விஷயம் இல்லாமலா? பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீரங்கப்பட்டணம். ஹைதரும் திப்புவும் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து விட்ட ராக்கெட்டுகள் 1780இல் நம் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கும்பினிப் படையைச் சிதற அடித்தன. இங்கிலாந்துக்கு எடுத்துப்போய், பார்த்து, காங்கிரீவ் என்பவர் அதைப் போலச் செய்தார். எரியும், பறக்கும், விழும், எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. ஆனால் சாட்சி உள்ள விஷயத்தில் ஒரு சுவாரசியம் இல்லை.

நான்காம் நாள் காலை, காபிக்கு நடுவில் எனக்கு இன்னொன்று பொறிதட்டியது. சாஸ்திரி விமானிக்கு உடை என்ன, பருவத்துக்குப் பருவம் என்ன சாப்பாடு என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொல்கிறார். இறக்கை எப்படிப் போனாலும் சமையற்கட்டில் கணக்குச் சுத்தம். இதே மைசூரில்தான் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது, 1961இலிருந்து. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது இந்தக் கூடம்தான். ரவா கேசரி மாதிரி ஓர் அல்வா, புலாவ், மாம்பழக் கட்டி. ராக்கெட் ரஷ்யாக்காரனுடையது, கட்டுச்சோறு நம்முடையது.

"பெரியப்பா, சாஸ்திரி சொன்னதுல ஒண்ணு பலிச்சிருக்கு."

"எது?"

"சாப்பாடு."

"அது போதும்டா," என்றார். சமாதானமாகத் தெரிந்தார். தியாகம் செய்த மாதிரி அடுத்த தோசையைத் தட்டில் வாங்கிக்கொண்டார்.

காங்கிரஸ் ஏழாம் தேதி முடிந்தது. அட்டைகள் ரயிலேறிப் போயின, மைலாரி வரிசை பழைய நீளத்துக்கு வந்தது. கதை மட்டும் ஓயவில்லை. மூன்று வருஷம் கழித்து ஜலந்தரில் ஒரு துணைவேந்தர், ராவணனிடம் இருபத்துநான்கு வகை விமானம் இருந்தது, இலங்கையில் விமான நிலையங்கள் இருந்தன என்றார். அதே மேளாவில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டீனும் தவறு என்று தீர்ப்புச் சொல்லி, ஈர்ப்பு அலைகளுக்குப் பிரதமரின் பெயர் வரும் என்றும் அறிவித்தார். சாஸ்திரிக்கு இருந்த மூவாயிரம் சுலோக உழைப்பு இவர்கள் யாரிடமும் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கச் சுருக்கத்தோடு வருகிறார்கள்.

அந்த ஏழாம் தேதி ராத்திரி பெரியப்பாவின் பேத்தி, இரண்டாம் வகுப்பு, தூங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "சித்தப்பாவை அந்தப் புஸ்தகத்துலேர்ந்து சொல்லச் சொல்லு," என்றார் பெரியப்பா. சொன்னேன். பாம்பு மாதிரி ஓட்டுவதைச் சொன்னபோது கட்டிலில் நெளிந்து காட்டினாள். மறைந்துபோகும் ரகசியத்துக்குப் போர்வைக்குள் போனாள். ருக்ம விமானத்தின் குறுக்குவெட்டுப் படத்தை விரித்துக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல எவ்ளோ பேர் போலாம்?"

"நிறைய பேர்."

"ரொம்ப தூரம் போகுமா?"

"கிரகம் விட்டுக் கிரகம்," என்றார் பெரியப்பா, இருட்டில் கறுப்புக் கண்ணாடியோடு.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு அறையாகத் தேடினாள். மேல்தளம், நடுத்தளம், கீழ்த்தளம்.

"பாத்ரூம் எங்க?"

நான் படத்தைப் பார்த்தேன். அடுத்த படத்தைப் புரட்டினேன். சகுனத்தில் தேடினேன், சுந்தரத்தில் தேடினேன். கண்ணாடிக்கு ஒரு பெயர், கம்பத்துக்கு ஒரு பெயர், சக்கரத்துக்கு ஒரு பெயர் எல்லாம் எல்லப்பா எழுதியிருந்தார். இது மட்டும் எனக்குத் தட்டுப்படவில்லை.

"திரிபுரத்துல பாரு," என்றார் பெரியப்பா. "மூணு அடுக்கு. இல்லாம இருக்காது."

அதிலும் பார்த்தேன். அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். "டாக்டர் கிடக்கறான். அந்தப் பெரிய லைட்டைப் போடு," என்றார். "அலமாரியில லென்ஸ் இருக்கும், எடுத்துண்டு வா."